ஆடு சொல்லாத பதில்

"…இன்னைக்கு ஆடு கம்முனு நிக்குது, அதுக்கு வேண்டாம்னு அர்த்தமுங்களா சித்தப்பா? ஒண்ணும் சொல்லலைன்னா ஒண்ணும் சொல்லலைன்னுதானுங்க அர்த்தம்!"

இப்படிக் கேட்டவள் என் அக்கா. பெரியப்பா மகள், ஒரே வாசலில் வளர்ந்தோம். கேட்ட இடம் எங்கள் குலதெய்வக் கோயில். சேந்தமங்கலத்திலிருந்து மலையடிவாரம் பக்கமாகப் போனால் மரவள்ளிக் காட்டுக்கு நடுவே ஒரு வேப்பமரமும் தகரக் கொட்டகையும் தெரியும், அதுதான். காலை ஒன்பது மணி இருக்கும். அவளுக்கு முன்னால், மஞ்சள் தண்ணீரில் நனைந்த கருப்புக் கிடா ஒன்று தன் கழுத்து மாலையை வாய்க்கு எட்டிய மட்டும் தின்றபடி நின்றிருந்தது. சுற்றிலும் பங்காளிகள் இருபது பேர். எல்லோரும் ஆட்டை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக அவள் சித்தப்பாவிடம் குரலை உயர்த்தியிருந்தாள்.

அவள் கேட்டதற்கு அன்றைக்கும் யாரும் பதில் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. நினைத்தால் எனக்குத் தையல் மெஷினில் கால் நிற்பதில்லை, அப்படிக் கோபம் வருகிறது. முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் வரும்.

அக்காவின் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் டிரைவர். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த வேலைக்குப் போகிறவர்கள் எந்தெந்த மாநிலத்திலோ மாதக்கணக்கில் கிடப்பார்கள். அவரும் அப்படித்தான் கிடந்தார். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் வண்டி கவிழ்ந்தது என்று போன் வந்தது. சித்தப்பாதான் ரயிலேறிப் போனார். மொழி தெரியாத ஊரில் நான்கு நாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று உடம்பைக் கொண்டுவந்து சேர்த்தார். இதை நான் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். சித்தப்பா கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அதற்குப் பிறகு அக்கா சித்தப்பா வீட்டு வளவிலேயே ஒரு அறையில் இருந்தாள். முட்டைப் பண்ணையில் வேலை. விரிசல் விட்டதை ஒதுக்கி, நல்லதை அட்டையில் அடுக்க வேண்டும். வேலை முடிந்து வந்தால் சித்திக்கு மூட்டுவலித் தைலம் தேய்ப்பாள், அந்த வீட்டுக்கும் சேர்த்து ஆக்கி வைப்பாள். மகள் ஹாஸ்டலில் பன்னிரண்டாவது படிக்கிறாள்.

அந்தப் பண்ணைக்கு முட்டை ஏற்ற வருகிறவர் எருமப்பட்டிக்காரர். சொந்த லாரி, மனைவி இறந்து நாலைந்து வருடம், பிள்ளை இல்லை. அதிகம் பேசமாட்டார். ஆனால் பேசினால் எனக்கு நோட்டை எடுக்க வேண்டும் போலிருக்கும். நான் எட்டாவதோடு நின்றவள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை. படித்ததெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்துதான். நன்றாக ஒன்று சொல்லிவிட்டார்களானால் அளவு நோட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். இவர் காக்கிச் சட்டை தைக்கக் கொடுக்க வருவார். கேரளத்தில் முட்டையை இறக்கிவிட்டு எம்ட்டியாகத் திரும்புவது சுகம்தானே, பாரம் இல்லையே என்று ஒருநாள் கேட்டேன்.

"அப்படித்தாங்க எல்லாரும் நெனைக்கறாங்க," என்றார். "லோடு இருந்தா வண்டி படிஞ்சு போகுமுங்க. எம்ட்டியாப் போனாத்தான் தூக்கித் தூக்கிப் போடும். காலியா இருக்கறதுதாங்க ஓட்டறதுக்குக் கஷ்டம்."

வண்டியைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டுப் பார்த்த பார்வை எருமப்பட்டியில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்தது.

போன கார்த்திகையில் அக்கா கடைக்கு வந்தாள். ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்."

எங்கள் பக்கத்துப் பெண்கள் 'ஒண்ணுமில்ல' என்று ஆரம்பித்தால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு குடும்பமே இருக்கும். வைத்தேன்.

"அவரு கேட்டாரு. எனக்கும் கட்டிக்கலாம்னுதான் இருக்குது. புள்ளைகிட்ட போன்ல கேட்டுட்டேன். 'நீ கட்டிக்கம்மா, என்னைய எதுக்குக் கேக்கற'ங்கறா."

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் தெளிவாகச் சொன்னாள். அதை என் அம்மா மூலமாகச் சித்தப்பாவுக்கும் தெளிவாகவே சொல்லி அனுப்பினாள். பெரியப்பாவும் என் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் வகையறாவுக்கு அவர்தான் பெரியவர்.

சித்தப்பா குதிப்பார் என்று நினைத்தோம். குதிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேண்டாங்கறதுக்கு நான் யாரு சாமி? ஆத்தாளைக் கேட்டுப்போடலாம்," என்றார்.

குலதெய்வமான ஆத்தாளைக் கேட்பது என்றால் ஆட்டைக் கேட்பது. ஒரு காரியத்துக்கு உத்தரவு வேண்டுமென்றால் கோயில் முன்னால் கிடாயை நிறுத்தி, மாலை போட்டு, முதுகிலும் தலையிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் ஆத்தா சரியென்றுவிட்டாள். சிலுப்பும்வரை காத்திருப்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. சின்ன வயதிலிருந்து அந்தச் சிலுப்பலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான் நான். ஆத்தா மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்படித்தான் அந்தத் தை மாதக் காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். எருமப்பட்டிக்காரர் வரவில்லை, வரக்கூடாது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அக்கா பெண்களுக்குப் பின்னால், வேப்பமரத்தை ஒட்டி நின்றாள். புருசன் இல்லாதவள் சாமிக்கு முன்னால் நிற்கமாட்டாள். யாரும் அவளை அங்கே நிற்கச் சொல்லவில்லை. அவளாகவே போய் நின்றாள், பழக்கம்.

பூசாரி முதல் சொம்பு ஊற்றினார். ஆடு கண்ணை மூடிக்கொண்டது. வெயில் ஏறிவிட்டது, அதற்குக் குளுமையாக இருந்திருக்க வேண்டும்.

"சொல்லு சாமி, சொல்லு," என்றார்கள்.

இரண்டாவது சொம்பு. மாலையில் ஒரு செவ்வந்தியைக் கடித்தது.

"பசியோட வந்திருச்சாட்டருக்குது," என்றான் சித்தப்பாவின் பெரிய மகன்.

மூன்றாவது சொம்பு. ஆடு ஒரு காலை மாற்றி வைத்து நின்றது. வாலில் இருந்து தண்ணீர் சொட்டியது. அவ்வளவுதான்.

"முட்டை லாரிக்காரன் ஆட்டைக் கவனிக்க மறந்துட்டானாட்டருக்குது," என்று அவனே மறுபடியும் சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். அக்காவின் காது சிவந்தது எனக்குத் தெரிந்தது.

சித்தப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "மூணு ஆச்சு. ஆத்தாளுக்கு இஷ்டமில்லை. வேண்டாங்கறா. வுடுங்க."

அப்போதுதான் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே கோயில், இதே கொட்டகை. இப்போது ஆட்டைக் கேலி பேசினானே, அதே மகனின் கல்யாணத்துக்கு உத்தரவு கேட்டோம். பெண் ஆத்தூர்ப் பக்கம். மண்டபம் பிடித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, சமையல்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்தாகிவிட்டது. ஆடு சிலுப்பவில்லை. மூன்று சொம்பு ஊற்றினார்கள், இப்போது போலவேதான் நின்றது. அன்றைக்குச் சித்தப்பா கையைத் துடைக்கவில்லை. "ஆத்தா ரோசனை பண்றா, ஊத்துங்க," என்றார். நாலு. ஐந்து. யாரோ தீட்டோடு வந்திருக்கிறார்கள் என்று சொல்லி இரண்டு பெண்களைத் தூரமாகப் போய் நிற்கச் சொன்னார்கள். ஆறு. ஏழாவது சொம்பை அவரே வாங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி, வலிக்காமல், பக்குவமாக, ஆட்டின் காதுக்குள் விட்டார். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் சும்மா நிற்கும்? தலையிலிருந்து வால்வரை உதறியது. மேளம் அடித்தது. சித்தப்பா கண்ணில் தண்ணீர் வந்தது. நானும்தான் குலவை போட்டேன்.

அன்றைக்கு ஆடு சும்மா நின்றதற்குப் பெயர் ரோசனை. இன்றைக்கு அதே ஆட்டு ஜாதி அதே மாதிரி சும்மா நின்றால் அதற்குப் பெயர் வேண்டாம். எந்த ஊர் நியாயம் இது?

எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஒன்று பார்த்திருப்பீர்கள். சீட்டு காலியாக இருக்கும். கிட்டே போனால் அதன்மேல் ஒரு துண்டு கிடக்கும். ஜன்னல் வழியாக யாரோ போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஒருநாள் கண்டக்டரிடம் சண்டைக்குப் போனேன்: "ஆளே இல்லாத எடத்துல ஆளு இருக்குதுங்கறீங்களே!" அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "சீட்டு காலிதாம்மா, துண்டுதான் காலியில்லை," என்றார். அன்றைக்குச் சிரித்துவிட்டு நோட்டில் எழுதினேன். அந்தக் காலையில் கோயிலில் நிற்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்தா ஒன்றும் சொல்லாமல் விட்ட இடம் காலியாகத்தான் இருந்தது. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், அக்காவும் உட்காரலாம். சித்தப்பா முந்திக்கொண்டு துண்டைப் போட்டுவிட்டார்.

ஏன் போட்டார் என்றும் எனக்குத் தெரியும். அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மகனும் மருமகளும் தனிக்குடித்தனம் போயாகிவிட்டது; அக்காவும் எருமப்பட்டிக்குப் போய்விட்டால் சித்திக்கு யார் தைலம் தேய்ப்பது, யார் சோறு ஆக்குவது? இதை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. சொன்னால் அசிங்கம். அதனால் ஆட்டைப் பேசவைத்தார்கள்.

முதலில் வாயைத் திறந்தது என் அம்மாதான். "ஏனுங்க தம்பி, இன்னொரு சொம்பு ஊத்துனா ஆத்தா கோவிச்சுக்குவாளா?"

"மூணுன்னா மூணுதானுங்க அண்ணி. சாமி காரியத்துல நம்ம இஷ்டத்துக்குப் பண்ணக்கூடாது."

பூசாரி மெதுவாக, "சிலுப்பலைன்னா இன்னொரு நாளைக்குக் கேக்கறதும் உண்டுங்க…" என்று ஆரம்பித்தார். சித்தப்பா திரும்பிப் பார்த்ததும் குடத்தைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார்.

நான் சொல்லிவிட்டேன். "உங்க பையன் கண்ணாலத்துக்கு ஏழு சொம்பு ஊத்துனீங்களே சித்தப்பா. ஏழாவது காதுக்குள்ள போச்சே."

"அது வேற."

"என்னங்க வேற?"

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேப்பமரத்தைப் பார்த்தார். அவரிடம் பதில் இல்லை, தோற்றுவிட்டார் என்று இங்கே எழுதினால் எனக்கு இனிக்கும். எழுதமாட்டேன். அவர் பேசாமல் இருந்தார், அவ்வளவுதான். அதற்கு நானே ஓர் அர்த்தத்தை எடுத்து மாட்டிவிட்டால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு அந்த விஷயத்தில் பேச ஒரு கடன்பாடும் இருந்தது. அக்காவுக்குப் பத்தொன்பது வயதில் ரிக் டிரைவரைப் பேசி முடித்தபோது நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். எனக்குப் பதினாறு. முன்கூடமான ஆசாரத்தில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சமையல்கட்டில் அக்கா ராகி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சித்தப்பா கதவுப் பக்கம் வந்து, "ஏன் சாமி, உனக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார். கேட்டார், இல்லையென்று சொல்லமாட்டேன். அக்கா பேசவில்லை. மாவுக்குள் அவள் கை நின்றுவிட்டது. அவள் டீச்சர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். அது அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது, எனக்கு மட்டும் தெரியும். என்னைப் பார்த்தாள். நானும் பேசவில்லை. ஒரு பெருமூச்சு விடுகிற நேரம் இருக்கும். சித்தப்பா ஆசாரத்துப் பக்கம் திரும்பி, "கம்முனு இருக்கறா. அப்புறமென்ன, புள்ளைக்குச் சம்மதம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காபி போனது.

அமைந்தவர் நல்ல மனிதர்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் அக்காவுக்கு இரண்டு சேலை, எனக்கு ஒரு பெட்டி பேடா வாங்கி வருவார். ஆனால் அவர் நல்லவராக அமைந்ததால், அன்றைக்கு அவளைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்று ஆகிவிடுமா? சமையல்கட்டில் நான் பேசாமல் நின்றேனே, அதை ஒன்றுமில்லை என்று பத்தொன்பது வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது ஒன்றுமில்லாதது இல்லை. நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிக் கொடுத்ததில் என் கையும் இருந்தது.

இதையெல்லாம் அந்தக் கோயிலில் நான் எடுத்துச் சொல்லவில்லை. அதற்குள் சித்தப்பா ஆட்டுக் கயிற்றை மகன் கையில் கொடுத்து, "கட்டு அதை அக்கட்டால," என்று தூரமாகக் கையைக் காட்டினார். மனிதர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். காரியம் முடிந்துவிட்டது என்றால் எங்கள் ஜனம் முதலில் செருப்பைத்தான் தேடும்.

அப்போது பெண்களை விலக்கிக்கொண்டு அக்கா முன்னால் வந்தாள். சாமிக்கு நேர் எதிரே, ஆட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு பெரியம்மா, "ஏம்புள்ள, நீ எங்க போற?" என்று முந்தானையைப் பிடித்தாள். முந்தானை நழுவி வந்தது.

"சித்தப்பா, என்னைய ஒரு வார்த்தை கேளுங்க," என்றாள்.

"உன்னைய என்னத்த சாமி கேக்கறது? ஆத்தாளையே கேட்டாச்சு." குரலில் கடுமை இல்லை. குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன், கம்முனு இரு."

அந்தக் 'கம்முனு' என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள ஓர் எட்டு வைத்தேன். அவள் அழவில்லை.

"கம்முனு இருந்து பாத்துட்டனுங்க," என்றாள். "பத்தொம்பது வயசுல சமையக்கட்டுல கம்முனு நின்னேன். அதுக்குச் சம்மதம்னு அர்த்தம் சொன்னீங்க. எனக்கு மேல படிக்கோணும்னு இருந்துச்சு, பயத்துல நாக்கு எந்திரிக்கல, அவ்வளவுதானுங்க. அன்னைக்கு நான் கம்முனு நின்னா சரிங்கறீங்க…"

அதற்கு மேல் அவள் ஆட்டைக் காட்டிக் கேட்டதைத்தான் இந்த எழுத்தின் முதல் வரியில் வைத்தேன். கேட்டு முடித்தபோது அவள் குரல் கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. செருப்பு தேடியவர்கள் அப்படியே நின்றார்கள்.

அக்கா குனிந்து பூசாரியின் காலடியில் இருந்த சொம்பை எடுத்தாள். குடத்துக்குள் விட்டு நிறைய மொண்டாள். சாமியைப் பார்த்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தாள். பிறகு அந்த மஞ்சள் தண்ணீர் முழுவதையும் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டு, கொண்டை அவிழ்ந்து விழ, சித்தப்பாவின் வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சள் தெறிக்க, தலையிலிருந்து கால்வரை ஒரு சிலுப்புச் சிலுப்பினாள்.